மிக்கேல் பெரிசா, கபிரியேல் பெரிசா?

போன மாதம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில், முதல் நன்மைக்கு, அதாவது முதன்முறை நற்கருணை வாங்க, ஆயத்தமாகும் பிள்ளைகளில் ஒருத்தி எழும்பி நின்று அதிதூதர்களைப் பற்றிக் கேட்டாள்: "டீச்சர், மிக்கேல் பெரிசா, கபிரியேல் பெரிசா?"

நான் வாய் திறப்பதற்குள் பின்வாங்கிலிருந்து பொடியன்கள் பதில் சொல்லிவிட்டார்கள். "மிக்கேல்தான்! அவரிட்ட வாள் இருக்கு." மட்டக்களப்பில் அப்படித்தான் சொல்வார்கள். புளியந்தீவில் 1873ஆம் ஆண்டு தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியின் பெயரை இந்த ஊரில் பிறந்த எந்தப் பிள்ளையும் நடக்கப் பழகுமுன்னே கேட்டுவிடும். அந்தப் பொடியன்களில் பாதிப்பேர் அங்கேதான் படிக்கிறார்கள். தங்கள் பள்ளிக்கூடத்துப் பெயர்க்காரரை விட்டுக்கொடுப்பார்களா?

அன்று பூசை மணி அடித்துவிட்டதால் அரைகுறையாக ஏதோ சொல்லி முடித்தேன். அது மனதில் கிடந்து உறுத்தியது. கேட்டது சின்னப் பிள்ளை என்றாலும் கேள்வி சின்னது அல்ல. அதிதூதர் என்றால் யார், அவருக்கு என்ன வேலை, வானத்தில் அவருக்கு எந்த இடம் என்று பெரியவர்களைக் கேட்டாலும் பலர் படத்தில் பார்த்ததைத்தான் சொல்வார்கள். ஆகவே முதலிலிருந்தே, ஒன்றும் தெரியாதவருக்கும் விளங்கும்படி எழுதிப் பார்க்கிறேன்.

சொல்லிலிருந்து தொடங்குவோம். அம்மம்மா காலத்துக் கத்தோலிக்கர் 'சம்மனசு' என்பார்கள். இப்போது வானதூதர் என்கிறோம். சீர்திருத்த சபையார் தேவதூதன் என்பார்கள். எபிரேயத்தில் இதற்கு 'மலாக்', கிரேக்கத்தில் 'ஆங்கெலோஸ்'. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: செய்தி கொண்டுபோகிறவர். அரசன் அனுப்பிய சாதாரண ஆளுக்கும் பழைய ஏற்பாட்டில் இதே 'மலாக்' என்ற சொல் வரும். ஆங்கெலோஸுக்கு முன்னால் தலைமையைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல்லைச் சேர்த்தால் 'அதிதூதர்'. நமது மெதடிஸ்த அயலவர்கள் வாசிக்கும் வேதாகமத்தில் 'பிரதான தூதன்' என்று இருக்கும். மிக்கேல் அங்கே மிகாவேல், கபிரியேல் அங்கே காபிரியேல். காத்தான்குடிக்கோ ஏறாவூருக்கோ போனால் அதே பெயர்கள் மீக்காயீல், ஜிப்ரீல் என்று ஒலிக்கும். பெயர் சொல்லும் விதம் வேறு, அவரைப் பற்றிய நம்பிக்கையிலும் வேறுபாடு உண்டு. ஆனால் இந்தக் கடலோரத்தில் இந்தப் பெயர்கள் தெரியாத கிறிஸ்தவத் தெருவோ முஸ்லிம் தெருவோ இல்லை.

புனித அகுஸ்தீனார் இதைப் பற்றிச் சொன்ன ஒரு விளக்கத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம். 'தூதர்' என்பது அவர்களுடைய பணிக்குரிய பெயர், அவர்களுடைய இயல்புக்குரிய பெயர் அல்ல என்றார் அவர். இயல்பு என்னவென்று கேட்டால், ஆவி. என்ன செய்கிறார் என்று கேட்டால், தூதர். நமது தெருவுக்கு வரும் தபால்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். தபால்காரர் என்பது அவருடைய வேலை. வீட்டில் அவர் யாருக்கோ தகப்பன், யாருக்கோ அண்ணன். சைக்கிளில் பையோடு வரும்போதுதான் நமக்கு அவர் தபால்காரர்.

சரி, வேதாகமத்தில் அதிதூதர் என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது? புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடம்! நானே முதலில் நம்பவில்லை. ஒன்று, பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் திருமுகம், 4ஆம் அதிகாரம். ஆண்டவர் மறுபடி வரும்போது அதிதூதரின் குரல் ஒலிக்கும் என்கிறார், பெயர் சொல்லவில்லை. மற்றது, ஒரே அதிகாரம் கொண்ட யூதா திருமுகம், 9ஆம் வசனம். அங்கேதான் மிக்கேலை அதிதூதர் என்று நேரடியாக அழைக்கிறது. கபிரியேலையும் இரபேலையும் அதிதூதர் என்று அழைப்பது திருச்சபையின் மரபு.

அந்த யூதா வசனத்தில் நடப்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். மோசேயின் உடலைக் குறித்து மிக்கேலுக்கும் அலகைக்கும், அதாவது சாத்தானுக்கும், வாக்குவாதம். வாள் வைத்திருக்கிறவர் என்று பொடியன்கள் சொன்ன அதே மிக்கேல், அலகையைத் திட்டக்கூடத் துணியவில்லை. ஆண்டவரே உன்னைக் கண்டிக்கட்டும் என்று மட்டும் சொல்கிறார். தீர்ப்புச் சொல்லும் உரிமை தன்னை அனுப்பினவருடையது என்று அவருக்குத் தெரியும். எல்லாச் சுரூபங்களிலும் படங்களிலும் நாம் பார்க்கும் வீரத்தைவிட எனக்கு இந்த அடக்கம் பெரிதாகப் படுகிறது.

மிக்கேல் என்ற பெயரே ஒரு கேள்விதான். 'கடவுளுக்கு நிகர் யார்?' என்று பொருள். மூவருடைய பெயரின் கடைசியிலும் வரும் 'ஏல்' எபிரேயத்தில் கடவுளைக் குறிக்கும். தானியேல் நூலில் மிக்கேல் தலைமைக் காவலர்களில் ஒருவராக, இஸ்ரயேல் மக்களைக் காக்கிறவராக வருகிறார். திருவெளிப்பாட்டின் 12ஆம் அதிகாரத்தில் தம் தூதர்களோடு சேர்ந்து அரக்கப் பாம்பை எதிர்த்துப் போரிடுகிறார். காலடியில் நாகம் கிடக்கும் சுரூபம் அங்கிருந்து வந்தது. கையில் தராசோடு வரையும் படங்களும் உண்டு. அந்தத் தராசு ஓவியர்கள் கொடுத்தது. வேதாகமத்தில் மிக்கேல் தராசு பிடிக்கவில்லை. அதேபோல, லூசிபர் என்பவன் முன்பு அதிதூதராக இருந்து விழுந்தான் என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு வசனமும் கிடையாது. எசாயா 14ஆம் அதிகாரத்தில் பாபிலோன் அரசனை 'விடிவெள்ளியே' என்று ஏளனமாக விளிக்கும் இடம் ஒன்று உண்டு; லூசிபர் என்பது அந்த விடிவெள்ளிக்கு இலத்தீன் சொல். பிற்காலத்தார் அதைச் சாத்தானுக்குப் பொருத்திப் பார்த்தார்கள்.

கபிரியேலுக்கு நீண்ட அறிமுகம் தேவையில்லை. ஒவ்வொரு நாளும் அவருடைய வார்த்தையைத்தான் நாம் திருப்பிச் சொல்கிறோம். 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்று செபமாலையில் தொடங்குகிறோமே, அது நாசரேத்தில் அவர் சொன்ன வாழ்த்து. காலை, நண்பகல், மாலை என்று கோயில் மணி அடித்துச் சொல்லும் திரிகால செபமும் அவர் கொண்டுவந்த தூதிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு ஆறு மாதம் முந்தி எருசலேம் ஆலயத்தில் வயதான செக்கரியாவிடம் வந்தபோது, தான் கடவுளின் முன்னிலையில் நிற்கிறவன் என்று தன்னை அறிமுகம் செய்கிறார். செக்கரியா நம்பவில்லை, பிள்ளை பிறந்து பெயர் வைக்கும்வரை அவருக்குப் பேச்சு நின்றுபோயிற்று. 1951இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், தொலைபேசி வானொலி போன்ற தொலைத்தொடர்புத் துறைகளுக்குக் கபிரியேலைப் பாதுகாவலராக அறிவித்தார். பொருத்தமான தெரிவு.

ஆனால் நமது ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் ஆசையோடு சொல்வது இரபேலின் கதையைத்தான். வாவிக்கரையில் பிறந்து, தகப்பன் வலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அல்லவா!

தோபித்து என்று ஒரு நல்ல மனிதர். அநாதையாகக் கிடக்கும் பிணங்களை அடக்கம் செய்கிறவர். ஒருநாள் இரவு முற்றத்துச் சுவரோரம் படுத்திருந்தபோது குருவி எச்சம் கண்ணில் விழுந்து பார்வை போய்விடுகிறது. தூரதேசத்தில் கொடுத்துவைத்த வெள்ளிப் பணத்தை வாங்கிவர மகன் தோபியாவை அனுப்பவேண்டும், வழித்துணைக்கு ஒரு ஆள் வேண்டும். சந்தையில் ஆள் பிடிப்பதுபோல ஒருவரைக் கூலி பேசிச் சேர்த்துக்கொள்கிறார்கள். அவர் தன் பெயரை அசரியா என்கிறார். இரண்டு பேரும் புறப்படுகிறார்கள், கூடவே வீட்டு நாயும். திக்ரீசு ஆற்றங்கரையில் தோபியா காலைக் கழுவ இறங்கும்போது பெரிய மீன் ஒன்று பாய்ந்து காலைக் கவ்வப் பார்க்கிறது. பொடியன் கத்துகிறான். அசரியா, 'அதைப் பிடி, விடாதே' என்கிறார். பிடித்துக் கரையில் இழுத்துப் போட்டு, பித்தையும் இதயத்தையும் ஈரலையும் எடுத்து வைக்கச் சொல்கிறார். வழியில் சாரா என்ற பெண்ணை வருத்திய பேய் அந்த இதயமும் ஈரலும் எரிந்த புகையில் ஓடிப்போகிறது. அவளைத் தோபியா மணம் முடிக்கிறான். வீடு திரும்பியதும் மீனின் பித்தைப் பூசத் தகப்பனுக்குப் பார்வை வருகிறது. கூலி கொடுக்கக் கூப்பிட்டபோதுதான் அவர் தான் யாரென்று சொல்கிறார். ஆண்டவரின் முன் நிற்கும் ஏழு தூதரில் ஒருவராகிய இரபேல். 'கடவுள் குணமாக்குகிறார்' என்பது அந்தப் பெயரின் பொருள்.

இதில் என்னைத் தொடுவது, அவர் அத்தனை தூரமும் கூலியாளாக நடந்தார் என்பது. தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. வேலை முடிந்ததும் எனக்கு நன்றி சொல்லுங்கள் என்று கேட்கவும் இல்லை. கடவுளைப் போற்றுங்கள் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.

மெதடிஸ்த நண்பர்கள் இந்தக் கதையை வகுப்பில் கேட்டிருக்க மாட்டார்கள். 1814இல் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து தொடங்கிய அந்தச் சபையார் வாசிக்கும் வேதாகமத்தில் 66 நூல்கள்; நம்முடையதில் 73. தோபித்து அந்த மிச்ச ஏழில் ஒன்று. அதனால் அவர்களிடம் பெயர் சொல்லும் தூதர்கள் மிகாவேலும் காபிரியேலும் மட்டும். இதை வைத்து யாரும் யாரோடும் வாதாடத் தேவையில்லை. கையில் இருக்கும் நூல் வேறு என்று தெரிந்துகொண்டால் போதும்.

ஏழு பேர் என்றால் மற்ற நால்வர் எங்கே என்று அடுத்த கேள்வி வரும். ஏனோக்கு நூல் போன்ற பழைய யூத எழுத்துகளில் ஊரியேல், ரகுவேல் முதலிய பெயர்கள் உண்டு. எத்தியோப்பிய சபை அந்த நூலைத் திருநூலாகவே வைத்திருக்கிறது. கீழைச் சபைகள் பலவற்றில் ஊரியேலுக்குப் படமும் வணக்கமும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை மூன்று பெயரோடு நிறுத்திக்கொண்டது. 745ஆம் ஆண்டு உரோமையில் பாப்பரசர் சக்கரியா கூட்டிய சங்கத்தில், முன்பின் தெரியாத தூதர் பெயர்களை அடுக்கிச் செபம் எழுதிய அல்தெபெர்த் என்பவரைக் கண்டித்தார்கள். காவல்தூதருக்கு நாமாகப் பெயர் வைக்கும் பழக்கம் வேண்டாம் என்று 2001ஆம் ஆண்டுப் பொதுப்பக்தி வழிகாட்டியிலும் வத்திக்கான் எழுதியிருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஏழு அதிதூதருக்கும் ஏழு நிறம், ஏழு கிழமை, இந்தக் காரியத்துக்கு இந்தத் தூதர் என்று படம் போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பக்தியுள்ள தாய்மாரே நல்லதென்று நம்பி அனுப்புகிறார்கள். அது நமது விசுவாசம் அல்ல. தயவுசெய்து பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

இனி அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி, யார் பெரிசு?

கோட்டைக்குள் கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம், இருந்த காலத்தை நினையுங்கள். ஜி.ஏ. என்ற அரசாங்க அதிபர் மேலே, அவருக்குக் கீழே பிரதேசத்துக்கு ஒருவர், கடைசியில் ஊருக்கு ஒரு ஜி.எஸ்., அதாவது கிராம சேவகர். வானத்திலும் இப்படி ஒரு வரிசை உண்டா என்று பழைய காலத்திலேயே யோசித்திருக்கிறார்கள். பவுலின் திருமுகங்களில் அரியணையில் அமர்வோர், தலைமை தாங்குவோர், ஆட்சியாளர், அதிகாரம் கொண்டோர் என்று சில பெயர்கள் வருகின்றன. எசாயா ஆறு சிறகுடைய செராபீன்களைக் கண்டார். தொடக்கநூலிலும் எசேக்கியேலிலும் கெருபுகள் வருகிறார்கள். இவற்றையெல்லாம் சேர்த்து, 500ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், பவுலின் சீடர் தியோனீசியுவின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்ட ஒருவர் ஒன்பது அணிகளாக அடுக்கினார். அம்மம்மாவின் பழைய செபப்புத்தகத்தில் அந்த ஒன்பதுக்கும் அழகான தமிழ்ப்பெயர் இருக்கும்: பக்திச்சுவாலகர், ஞானாதிக்கர், பத்திராசனர், நாதகிருத்தியர், சத்துவகர், பலவத்தர், பிராதமிகர், அதிதூதர், தூதர்.

எண்ணிப் பாருங்கள். அதிதூதர் எட்டாவது. கீழிருந்து இரண்டாவது!

தலைமைத் தூதர் என்று பெயரை வைத்துவிட்டு ஏன் இவ்வளவு கீழே? அந்த வரிசை வீரத்தையோ செல்வாக்கையோ வைத்துப் போட்டது அல்ல. மேலே இருக்கும் அணிகள் கடவுளையே நோக்கி நிற்கின்றன. பக்திச்சுவாலகரின் பெயரே அன்பில் எரிகிறவர் என்று சொல்லும். கீழே வரவர மனிதருக்குக் கிட்ட வருகிறார்கள். கச்சேரியில் ஜி.ஏ.யைக் கண்டவர் ஊரில் எத்தனை பேர்? வெள்ளம் வந்தால் வீட்டுப் படலையில் வந்து நிற்பவர் ஜி.எஸ். ஐயாதான். அதிதூதரின் இடம் அப்படிப்பட்டது. பெரிய கிரகோரியார் என்ற பாப்பரசர், 6ஆம் நூற்றாண்டின் கடைசியில், இன்னும் தெளிவாக்கினார்: சிறிய செய்தியை அறிவிக்கிறவர் தூதர், மிகப் பெரிய செய்தியை அறிவிக்கிறவர் அதிதூதர். கன்னி மரியாவிடம் சாதாரண தூதரை அனுப்பாமல் கபிரியேலை அனுப்பியது அதனால்தான் என்றார். அப்படியானால் தூதருக்கு வரும் பெருமை அவர் கொண்டுவரும் செய்தியின் பெருமைதான்.

அப்போ மிக்கேல் வானப்படைக்கெல்லாம் தளபதி என்கிறார்களே, எட்டாவது அணியில் இருப்பவர் முதலாவது அணிக்குத் தளபதியாக முடியுமா? நல்ல கேள்வி, இறையியலாளர்களும் கேட்டதுதான். 'அதிதூதர்' என்ற சொல்லை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறோம் என்பது பொதுவான விடை. எட்டாவது அணியின் பெயராக ஒன்று; எந்த அணியிலிருந்தாலும் பெரிய பணிக்கு அனுப்பப்பட்டவருக்கான பட்டமாக இன்னொன்று. மிக்கேல் எந்த அணியைச் சேர்ந்தவர் என்று திருச்சபை தீர்த்துச் சொல்லவில்லை. வானதூதர்கள் இருக்கிறார்கள் என்பது நமக்கு விசுவாச உண்மை. ஒன்பது அணி என்பது மரபு. கல்வின் போன்ற சீர்திருத்தவாதிகள் அந்த அடுக்கை வேதத்தில் இல்லாத கற்பனை என்று தள்ளினார்கள்.

பக்கத்து வீட்டுச் சைவ அக்கா ஒருமுறை எங்கள் வீட்டு மிக்கேல் சுரூபத்தைப் பார்த்து, "இவர் உங்கட வைரவரா?" என்று கேட்டார். அம்மன் கோயிலில் வைரவர் காவல் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர் அப்படிக் கேட்பது நியாயம். காவல் என்ற மட்டில் ஒப்புமை இருக்கிறது. வேறுபாடு எங்கே என்றால், அதிதூதரை நாம் தெய்வமாக வணங்குவதில்லை. அவருக்குப் படையல் இல்லை, நேர்ச்சை வைத்தாலும் அது அவர் வழியாகக் கடவுளுக்கே. ஆராதனை கடவுளுக்கு மட்டும். தூதருக்கும் புனிதருக்கும் மரியாதை. திருவெளிப்பாட்டின் கடைசி அதிகாரத்தில் யோவான் ஒரு தூதரின் காலில் விழப் போகிறார். வேண்டாம், நானும் உன்னைப்போல ஒரு பணியாளன்தான், கடவுளைத் தொழு என்று அவர் தடுத்துவிடுகிறார்.

இன்னொன்றையும் மெதுவாகச் சொல்லவேண்டும். சின்னப் பிள்ளை இறந்தால் 'சம்மனசாகிப் போயிட்டுது' என்று செத்தவீட்டில் சொல்வோம். பெற்ற தாய்க்கு முன்னால் அந்த வார்த்தையை நான் ஒருநாளும் திருத்தமாட்டேன். ஆனால் வகுப்பில் கேட்டால், மனிதர் இறந்து தூதர் ஆவதில்லை என்றுதான் சொல்லவேண்டும். தூதருக்கு உடலே இல்லை. நமக்கோ உடலோடு உயிர்ப்போம் என்ற நம்பிக்கை. அந்தப் பிள்ளை பிள்ளையாகவே, தன் பெயரோடும் முகத்தோடும் கடவுளிடம் இருக்கிறது. தாய்க்கு இதுவும் சிறிய ஆறுதல் அல்ல.

அம்மம்மாவுக்கு மிக்கேல் செபம் மனப்பாடம். பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1886இல் பூசைக்குப் பின் சொல்லும்படி கொடுத்தது. 1965இல் அந்த வழக்கம் நின்றபிறகும் வீடுகளில் நிற்கவில்லை. யுத்தத்தில் எங்களைக் காத்தருளும் என்று அதில் வரும். எங்களுக்கு யுத்தம் என்பது உவமை அல்ல. 90களில் சாமத்தில் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு, எங்களைப் பாயோடு சுவரோரம் இழுத்து வைத்து, "பயமெண்டா மிக்கேல் சம்மனசைக் கூப்பிடு மனே" என்பார். கூப்பிட்டோம். சில வீடுகளில் கூப்பிட்டும் ஆட்கள் திரும்பி வரவில்லை. 2004 கடல் வந்த காலையிலும் நாவலடியில் எத்தனை பேர் கூப்பிட்டிருப்பார்கள். இதற்கு நான் பாடப்புத்தகத்தில் இருந்து விடை தரமாட்டேன். திருச்சபை போதிப்பதை மட்டும் சொல்கிறேன்: அந்தச் செபத்தில் கேட்பது தீமையின் வஞ்சகத்திலிருந்து ஆன்மாவுக்குக் காவல். உடலுக்கு ஒன்றும் வராது என்ற வாக்குறுதி அதில் இல்லை. அம்மம்மாவுக்கு அது தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். இரண்டு மகன்களை அடக்கம் செய்தபிறகும் அவர் அந்தச் செபத்தை நிறுத்தவில்லை.

மூவருக்கும் திருவிழா செப்டம்பர் 29. முன்பு கபிரியேலுக்கு மார்ச் 24, இரபேலுக்கு ஒக்டோபர் 24 என்று தனித்தனி நாள் இருந்தது. 1969ஆம் ஆண்டு நாட்காட்டித் திருத்தத்தில் மிக்கேலின் நாளோடு சேர்த்துவிட்டார்கள். ஒரே நாளில் மூவரையும் நினைக்கிறோம், யார் முதல் என்று வழிபாட்டில் போட்டி இல்லை.

இதையெல்லாம் இரண்டு ஞாயிறுகளாகப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். மீன் கதைக்கு நல்ல வரவேற்பு. எட்டாவது இடம் என்றதும் பின்வாங்கு கொஞ்சம் வாடிப்போயிற்று. அப்போது அந்தப் பிள்ளை மறுபடி எழும்பி, "அப்போ டீச்சர், மாதா பெரிசா, கபிரியேல் பெரிசா?" என்றாள்.

"மகள், மாதா பிரார்த்தனை உங்களுக்குப் பாடமா?"

பாடம் என்றாள். சொல்லச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு ஓடவிட்டாள். மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். கடைசிப் பகுதியில் 'சம்மனசுகளுடைய இராக்கினியே', அதாவது அரசியே, என்ற இடம் வந்ததும் சட்டென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மாதா எங்களைப்போல ஆள்தானே, டீச்சர்?"

"ஓம்" என்றேன்.